பாக்கெட்டில் வந்த தாய்மாமன்

வெள்ளெருக்கம்பட்டி ஆழ்வார்சாமி கடையில், ஷாம்புச் சரத்துக்கும் ஊறுகாய்ச் சரத்துக்கும் நடுவில், ‘நெருப்பு வாசல்’ கார்டு பாக்கெட்டுகள் முதன்முதலில் தொங்கியபோது சந்தனமாரி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஏனென்றால் அந்த முதல் தொகுப்பில் வந்த டிராகனும் பூதமும் மந்திரவாதியும் எல்லாக் கார்டுகளையும்போல வாயை மூடிக்கொண்டு கார்டாகவே கிடந்தன. பிள்ளைகள் பஸ் ஸ்டாப் சிமெண்டு பெஞ்சில் குந்திக்கொண்டு, என் டிராகன் உன் பூதத்தைத் தின்னுருச்சு, இல்லை, உன் டிராகனுக்குப் பவர் பத்தாது என்று கத்திச் சண்டை போட்டன, சாயங்காலமானால் அந்த வீராதிவீரர்கள் எல்லாம் டவுசர் பையோடு சோப்புத் தண்ணீரில் ஊறிக் கூழாகி, தாய்மார்களிடம் வசவு வாங்கியே செத்துப்போனார்கள்.

ஆடிக் காற்று அடங்குகிற நேரத்தில் புதுச் சரம் ஒன்று வந்தது. அதன்மேல், ‘விரிவாக்கத் தொகுப்பு’ என்று தங்க நிறத்தில் போட்டிருந்தது. அதைப் படித்ததும் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்கள், ஏனென்றால் அந்த ஊருக்கு விரிவாக்கம் என்றால் சாலை விரிவாக்கம்தான் தெரியும், அது வந்தபோது பாதி வீடுகளுக்கு முன்வாசல் போய், அடுப்படி நேராகப் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றது.

“பயப்படாதீக, இது அந்த விரிவாக்கம் இல்ல,” என்றார் ஆழ்வார்சாமி. “மொதத் தொகுப்புல இல்லாத ஆளுகல்லாம் இதுல வருவாக.”

வருவார்கள் என்று அவர் பேச்சுக்குத்தான் சொன்னார். ஆனால் வந்தார்கள்.

பாக்கெட்டைக் கிழித்தால் வந்தார்கள். டீக்கடைக்காரர் மகன் கிழித்ததில் ஒற்றைக்கண் மல்லன் வந்து தலை இடித்து நின்றான், பள்ளிக்கூட வாத்தியார் பறிமுதல் செய்து கிழித்ததில் வெள்ளைத் தாடி மந்திரவாதி வந்தார், தண்ணீர்க் குழாயடியில் யாரோ கிழித்ததில் நீர்த்தேவதை வந்தாள், மலிவான பாக்கெட்டுகளில் எல்லாம் எலும்புப் படை வீரர்கள் வந்தார்கள், ஒருத்தனைப்போலவே ஒருத்தன், பொங்கலுக்கு எடுத்த கூட்டுறவுச் சொசைட்டிச் சேலை மாதிரி. எப்படி வந்தார்கள், எதனால் வந்தார்கள் என்று விசாரிக்க ஊரில் யாருக்கும் ஒழிவில்லை. வந்தவர்களுக்கு முதலில் உலை வைக்க வேண்டுமே. எலும்புப் படைக்குச் சோறு நிற்காது என்பதைக் கண்டுபிடிக்கவே ஒரு படி அரிசி தரையில் கொட்டிப் போனது. நீர்த்தேவதையை அன்றைக்கே குழாய்க்குப் பக்கத்தில் நிறுத்தி, பஞ்சாயத்துத் தண்ணீர் வராத நாளைக்கு நீதாம்மா என்று சொல்லிவிட்டார்கள். எலும்புப் படை நூறுநாள் வேலைக்குப் போய் நின்றது. ஆதார் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் வருத்தப்பட்டார்களா இல்லையா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

சந்தனமாரிக்கு இதிலெல்லாம் கவனம் இல்லை. அவள் கவலை வேறு. அவள் மகள் தன்ஷிகாவுக்கு மூன்று வயதாகியும் காது குத்தவில்லை, ஏனென்றால் காது குத்தும்போது பிள்ளையை மடியில் வைக்கத் தாய்மாமன் வேண்டும், சந்தனமாரி வீட்டுக்கு ஒரே பிள்ளை, உடன்பிறந்தான் என்று சொல்ல ஒரு துரும்பும் இல்லை. பெரியப்பா மகன்கள் இரண்டு பேர் இருந்தார்கள். பொதுச்சுவரில் யார் ஆணி அடிப்பது என்ற தகராறில் அவள் சடங்குக்கே வராதவர்கள், மகள் காதுகுத்துக்கா வரப்போகிறார்கள்? இதைத் தெரிந்துகொண்டே அவள் நாத்தனார் குருவம்மா தெருவில் போகும்போதும் வரும்போதும் ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போவாள்.

“என்னா சந்தனமாரி, பிள்ளை இன்னும் மூளிக்காதோடதான் அலையுதா? மடி இல்லாத வீட்டுல பொண்ணெடுத்தா இப்படித்தான். நான் அன்னைக்கே எந்தம்பிகிட்ட சொன்னேன்.”

“ஆமா மதினி,” என்பாள் சந்தனமாரி, வேறு என்ன சொல்வது.

அப்படிப்பட்ட ஒரு நாளில், கிரைண்டரில் இட்லிக்கு மாவு ஓடிக்கொண்டிருக்க, தன்ஷிகா தரையில் புரண்டு அழுதாள் என்பதற்காக வாங்கி வந்த பாக்கெட்டை, ஒரு கையால் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, பல்லால் கடித்துக் கிழித்தாள் சந்தனமாரி. அடுப்படி ஒரு நிமிஷம் கொல்லன் உலை மாதிரி சிவந்தது. சிவப்பு தணிந்தபோது, பரணுக்கும் தரைக்கும் நடுவில் மடங்கி, கரிப்பாறை போன்ற மார்பும் எருமைக் கொம்பும் முதுகில் குடை விரித்த மாதிரி இறக்கையுமாக ஓர் ஆள் நின்றான்.

“அற்ப மானிடப் பெண்ணே!” என்றான் அவன், பாத்திரங்கள் அதிர்ந்தன. “ஏழு எரிமலைகளின் வேந்தன், சாம்பல் நாட்டுச் சக்கரவர்த்தி உக்கிரவர்மன் யான்! தாக்குதல் ஒன்பதாயிரம்! என் சினத்தின் முன் நிற்கத் துணிந்தவர் எவர்?”

வீட்டில் ஆம்பிளை இல்லாத நேரம் முன்பின் தெரியாத ஆள் உள்ளே வந்துவிட்டால் அந்த ஊர்ப் பொம்பளைகள் எதைச் சொல்வார்களோ, கேஸ் சிலிண்டர் போடுகிறவரிடமும் மீட்டர் பார்க்க வருகிறவரிடமும் பஸ் கண்டக்டரிடமும் எதைச் சொல்வார்களோ, அதைத்தான் சந்தனமாரியும் சொன்னாள்.

“அண்ணே, கொஞ்சம் அந்தப்பக்கம் தள்ளி நில்லுங்க, கொம்பு பல்புல இடிக்குது.”

உக்கிரவர்மன் தள்ளி நின்றான். பிறகு அவன் முகத்தில் ஏதோ ஒன்று நடந்தது.

“நீ என்னை... என்னவென்று அழைத்தாய்?”

“அண்ணேன்னேன். ஏன், தம்பியா?”

அந்தச் சொல்லை எந்தக் கண்டக்டரும் மனசில் வாங்கிக்கொண்டது கிடையாது, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விடுவார்கள்; ஆனால் உக்கிரவர்மனை எதிரிகள் பாதகன் என்றார்கள், குடிமக்கள் பிரபு என்றார்கள், கார்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருந்த அவன் கதையில் தாய் இல்லை, தகப்பன் இல்லை, எரிமலைக் குழம்பில் இருந்து தானாகத் திரண்டு வந்தவன் என்றுதான் இருந்தது. அவன் மெல்லத் தரையில் உட்கார்ந்தான். கண்ணில் இருந்து ஒரு சொட்டு விழுந்து, சிமெண்டுத் தரையில் கடுகு தாளித்த மாதிரி பொரிந்தது. அந்தக் கார்டில் தாக்குதல் ஒன்பதாயிரம் என்பதற்குக் கீழே தற்காப்பு முப்பது என்று போட்டிருந்ததை அப்போதுதான் சந்தனமாரி கவனித்தாள்.

“அழாதீங்கண்ணே,” என்றாள் அவளுக்கே சங்கடமாகி. “சாப்டீங்களா?”

சாயங்காலம் லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த புருஷன் சோலைராஜ், வட்டிலில் சோறு தின்றுகொண்டிருந்த கொம்பைப் பார்த்தான், கொம்பில் தொங்கி ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தான், பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான்.

“யாரிது?”

“எங்கண்ணன்.”

“உனக்குத்தான் அண்ணனே கெடையாதே.”

“இப்ப வந்துருக்காரு.”

சோலைராஜ் நல்ல மனிதன், பொழுது சாய்ந்த நேரத்தில் வாதாடுகிற பழக்கம் இல்லாதவன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, “வாங்க மச்சான், எப்ப வந்தீக?” என்று கேட்டபடி பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டாவது நாள், “மச்சான், ஆட்டோ ஓட்டத் தெரியுமா?” என்று கேட்டான். தெரியாது. ஆனால் பஞ்சரானால் ஒரு கையால் தூக்கிப் பிடிக்கத் தெரிந்தது. அதற்கப்புறம் மச்சானைப் பற்றி அவன் ஒரு குறையும் சொன்னதில்லை.

ஊர்தான் கொஞ்சம் யோசித்தது. வெள்ளெருக்கம்பட்டியைச் சுற்றி நாலு பக்கமும் பட்டாசுக் கம்பெனி. அங்கே பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளை பீடி குடிப்பதாக இருந்தால் கண்மாய்க்கு அந்தப்பக்கம் போய்க் குடித்துவிட்டு, வாயைக் கொப்பளித்து, கையை நனைத்துவிட்டுத்தான் ஊருக்குள் வரவேண்டும். அப்படிப்பட்ட ஊரில் மூச்சுவிட்டால் அனல் வருகிற சக்கரவர்த்தியை வைத்து என்ன செய்வது? பஞ்சாயத்து கூடிப் பேசியது. மாப்பிள்ளைக்கு உள்ள சட்டம்தான் மைத்துனருக்கும் என்று முடிவானது. அதன்படி உக்கிரவர்மனுக்குத் தும்மல் வந்தால், மூக்கைப் பிடித்துக்கொண்டு, இறக்கையைத் தூக்கிக்கொண்டு, தெருத்தெருவாக ஓடிக் கண்மாயைத் தாண்டி அந்தக் கரையில் போய்த் தும்மிவிட்டு வரவேண்டும்; வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம், “ஓடுங்க மாமா, ஓடுங்க, வந்துருச்சு வந்துருச்சு,” என்று வழிவிட்டார்கள். அந்தக் கரையில் கருவேலம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இத்தனை வருஷமாக மனுப் போட்டும் வெட்டாத கருவேலம் அது.

“பாக்கெட்டுல வந்தவனெல்லாம் அண்ணனா?” என்றாள் குருவம்மா. “எங்க வீட்டுக்குக்கூட ஒரு எலும்பன் வந்தான். அவனை நான் கொழுந்தன்னா கூப்புடுறேன்?”

“என்ன கூப்புடுறீக மதினி?”

“‘ஏய்’ம்பேன்.”

ஆனாலும் உக்கிரவர்மன் அவளைப் பார்க்கிறபோதெல்லாம் கொம்பைத் தாழ்த்தி, “வணங்குகிறேன், சம்பந்த வீட்டு அம்மையே,” என்று சொல்லிவந்தான், குருவம்மாவை அவ்வளவு நல்ல தமிழில் வாழ்நாளில் யாரும் கூப்பிட்டதில்லை, அதனால் அவள் வாய் கொஞ்சம் தணிந்தது; மடி இல்லாத வீடு என்பதை விட்டுவிட்டு, “அதான் மடி வந்துருச்சுல்ல, இன்னும் ஏன் காது குத்தல?” என்று பிடித்துக்கொண்டாள்.

குத்தியிருக்கலாம்தான். அந்த மாசமே நாள் பார்த்தாயிற்று. அதற்குள் தேர் விவகாரம் வந்துவிட்டது.

அம்மன் கோயில் தேர் போன திருவிழாவில் பள்ளத்தில் இறங்கி நின்றது நின்றதுதான்; டீக்கடை மல்லன் அதைத் தோளால் முட்டி, ஒற்றைக் கண் பிதுங்கத் தூக்கி, தேரடியில் கொண்டுபோய் நிறுத்தி, கையைத் தட்டிவிட்டு, “என் பணி முடிந்தது,” என்றான். சொன்ன வாய் வெளுத்தது. சாயம்போன துணி மாதிரி காலில் இருந்து வெளுத்துக்கொண்டே வந்து, மல்லன் நின்ற இடத்தில் ஒரு கார்டு கிடந்தது, படம் இல்லாத வெறும் வெள்ளைக் கார்டு. ஆடி முடித்த கார்டு ஆட்டத்தை விட்டு வெளியே போகவேண்டும், அதுதான் விதி என்று பிள்ளைகள் சாதாரணமாகச் சொன்னார்கள். வெளுக்கும்போதே டீக்கடைக்காரர், “அடுத்த வருசத் தேருக்கும் நீதான்யா வரணும், போகாதய்யா,” என்று கத்திப் பார்த்தார், பலிக்கவில்லை. ஆரம்பிக்காத வேலை கணக்கில் வராது, ஆரம்பித்து முடிக்காத வேலைதான் பிடித்துவைக்கும் என்று அன்றைக்கு ஊருக்குத் தெரிந்தது.

தெரிந்ததுதான் தாமதம், வெள்ளெருக்கம்பட்டியில் எந்த வேலையும் முடியாமல் போனது. எலும்புப் படை ஓடையைத் தூர்வாரியது, ஒரு முழம் மட்டும் விட்டுவைத்தது. நீர்த்தேவதை எல்லார் குடத்தையும் நிறைத்தாள், கடைசிக் குடம் மட்டும் கழுத்தளவில் நின்றது. மந்திரவாதி பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார், கடைசி வரியான பதினாறு பதினாறு எவ்வளவு என்று மட்டும் எந்தப் பிள்ளையும் கேட்கக்கூடாது என்று வாத்தியார் பிரம்பைக் காட்டி வைத்திருந்தார். பாயசம் வைத்தால் முந்திரி போடாமல் இறக்கினார்கள், கோலம் போட்டால் ஒரு புள்ளியைச் சுற்றாமல் விட்டார்கள், முடிஞ்சிருச்சு என்ற வார்த்தையைத் தெருவில் சொன்னவன் வாயில் வேப்பங்குச்சியால் அடி விழுந்தது. வருஷக்கணக்காகச் சீரியல் பார்க்கிற சனத்துக்கு, ஒன்றை முடிக்காமல் இழுப்பது எப்படி என்று யார் சொல்லித்தர வேண்டும்?

சந்தனமாரியும் இழுத்தாள். உக்கிரவர்மன் எதற்கு வந்தவன்? மடியில் பிள்ளையை வைக்க வந்தவன். வைத்துக் குத்திவிட்டால் அவன் வேலை அதோடு சரி. முதல் முகூர்த்தத்துக்குப் பிள்ளைக்குச் சளி என்றாள், இரண்டாவதற்கு ஆசாரிக்குக் கண்வலி என்றாள், மூன்றாவதற்கு வாய்க்கு வந்த ஏதோ ஒன்றைச் சொன்னாள். அவன் வந்தபிறகு அந்த வீட்டில் சும்மா ஒரு சத்தம் இருந்தது. மாவு அரைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தான் எரித்த நகரங்களின் பெயர்களைச் சொல்லுவான், அவள் நடுநடுவே, “அடப்பாவி, அங்கயுமா?” என்பாள், சோலைராஜ் ஒருநாள் குழம்பில் உப்பில்லை என்றதற்கு, “என் தங்கையின் குழம்பைக் குறை கூறியவன் எவன்?” என்று எழுந்து நின்று, உடனே தும்மல் வந்து கண்மாய்க்கு ஓடினான். குழம்பு தின்கிற இடத்தில் தனக்காக ஒருத்தன் எழுந்து நிற்பது என்பது சந்தனமாரிக்கு முன்பின் பழக்கமில்லாதது. அன்றைக்கு முழுக்க அவள் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நாலாவது முகூர்த்தத்தைத் தள்ளிவைக்கும்போது உக்கிரவர்மனே கேட்டுவிட்டான்.

“தங்காய், நீ எதற்கு நாளைக் கடத்துகிறாய் என்று யான் அறிவேன்.”

“பிள்ளைக்குச் சளிண்ணே.”

“முறை செய்ய வந்து முறை செய்யாமல் சோறு தின்கிற மாமனுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?”

சந்தனமாரி மாவுச் சட்டியை வழிக்கத் திரும்பினாள்.

“விருந்தாளி,” என்றான் அவன். “யான் விருந்தாளி அல்லன்.”

அப்படியாகத்தான், ஒத்தப்பனை ஐயனார் கோயிலில், ஊர் மொத்தமும் கூடியிருக்க, தன்ஷிகாவுக்குக் காதுகுத்து. மேளம் முன்னால் போக, எலும்புப் படை தலையில் தாம்பாளம் ஏந்தி வர, சாம்பல் நாட்டுச் சக்கரவர்த்தி பட்டு வேட்டி கட்டிச் சீர் கொண்டுவந்தான். இறக்கைக்கு இடம்விட்டுச் சட்டை தைக்கத் தையல்காரருக்கு வாரக்கணக்கில் ஆனது. தட்டுகளை இறக்கி வைத்ததும் பொம்பளைகள் சுற்றி நின்று எட்டிப்பார்த்தார்கள்: சபிக்கப்பட்ட வாள் ஒன்று, தோற்ற மன்னர்களின் கிரீடங்கள் ஒரு கூடை, வெதுவெதுப்பான டிராகன் முட்டை, குடுவைக்குள் அடைத்த புயல்.

“தேங்கா எங்க?” என்றாள் குருவம்மா.

சோலைராஜ் ஆட்டோவை எடுத்துக்கொண்டு தேங்காய் வாங்க ஓடினான்.

பிள்ளையை மடியில் வைத்தார்கள். பக்கத்தில் நீர்த்தேவதை நிறைகுடத்தோடு தயாராக நின்றாள், ஏனென்றால் மருமகள் அழுதால் மாமனும் அழுவான், மாமன் அழுதால் பந்தல் போகும். ஆசாரி சந்தனத்தால் புள்ளி வைத்து, தங்கக் கம்பியை எடுத்து, வாயில் வாழைப்பழம் ஊட்டுகிற சாக்கில் ஒரு காதைக் குத்தினார். தன்ஷிகா போட்ட கத்தலில் பனைமரத்துக் கிளிகள் எழுந்து பறந்தன. உக்கிரவர்மன் பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான், காதில் மட்டும் கொஞ்சம் புகை வந்தது. குடத்தைச் சாய்க்கப்போன தேவதையை, இரும்மா, இரும்மா என்று தடுத்தார்கள்.

அப்போதுதான் யாரோ, “காலைப் பாருங்க,” என்றார்கள்.

பட்டு வேட்டிக்குக் கீழே இரண்டு பாதமும் வெளுத்துக் கரைந்திருந்தன.

ஆசாரி கம்பியோடு நின்றுவிட்டார். மேளக்காரர் நிறுத்தினார். ஊருக்கு வேலையை நிறுத்துவது இப்போது கைவந்த கலை, உடனே ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள்: ஒத்தக் காது போதும்ப்பா, என்ன கெட்டுப்போச்சு, டவுன்ல ஆம்பளப் பயலுகளே ஒத்தக் காதுலதான் கடுக்கன் போட்டுத் திரியுறானுக, பிள்ளை பெருசான பெறகு அடுத்ததப் பாத்துக்கலாம். ஆசாரி சந்தனமாரியைப் பார்த்தார். எல்லாரும் சந்தனமாரியைப் பார்த்தார்கள்.

ஒரு கம்மல் போட்ட மகளையும் பார்த்தாள், பாதம் இல்லாத அண்ணனையும் பார்த்தாள் சந்தனமாரி. ஒரு பக்கம் இழுத்தால் இது, மறுபக்கம் இழுத்தால் அது. பிள்ளை மாமனின் கொம்பைப் பிடித்து விக்கிக்கொண்டிருந்தது. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில், கல்யாணத்தில், போகிற இடமெல்லாம், இன்னொரு காது எங்க என்று கேட்பார்கள். எங்கம்மாவுக்கு அண்ணன் வேணும்னு என் காதைப் பாதியிலே விட்டாங்க என்று அது சொல்லும். தனக்கு இல்லாத ஒன்றுக்காக மகளுக்கு ஒன்று இல்லாமல் செய்வதா?

“தங்காய்,” என்றான் உக்கிரவர்மன் மெதுவாக. “குத்தச் சொல்.”

“குத்துங்க ஆசாரி,” என்றாள் சந்தனமாரி. சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

குத்தினார். கிளிகள் உட்காரவே இல்லை. உக்கிரவர்மனுக்கு முழங்கால் வெளுத்தது, தொடை வெளுத்தது, மடி போய்விடும் என்று சோலைராஜ் ஓடிவந்து பிள்ளையை வாங்கிக்கொண்டான். இடுப்புக்குக் கீழே வெறும் வேட்டி மட்டும் காற்றில் ஆடியது. நல்லபடியா முடிஞ்சது என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள் என்று வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டார், சொல்லாமலே முடிந்துகொண்டிருந்தது.

இனி பாக்கி தாய்மாமனுக்கு மாலை. முறைப்படி முதல் மாலை அவனுக்குத்தான், அதைப் போட்டு, சந்தனம் பூசி, நெற்றியில் திருநீறு வைத்தால் மரியாதை முழுசாகும். மாலை நாத்தனார் கையில் இருந்தது. கனமான ரோஜா மாலை. குருவம்மா அதை விரித்துப் பிடித்துக்கொண்டு நேராக உக்கிரவர்மனை நோக்கி நடந்தாள், அவன் கொம்பைத் தாழ்த்திக் கொடுத்தான், அவள் அவனைத் தாண்டிப் போனாள், பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்த தன் புருஷன் கழுத்தில் மாலையைப் போட்டாள்.

அப்பளம் மட்டும் ஒரு தடவை நொறுங்கியது.

“என்ன இது?” என்றான் உக்கிரவர்மன்.

“என்னன்னா?” என்றாள் குருவம்மா, இடுப்பில் கையை ஊன்றி. “எங்க வீட்டுக்காரரு இருபது வருசமா இந்த வீட்டு மாப்பிள்ளை. நேத்துப் பாக்கெட்டுல வந்தவனுக்கு என்ன மொத மாலை?”

“தாய்மாமன் யானிருக்க...”

“அந்த மல்லிப்பூச் சரம் ஒரு முழம் கெடக்கு, வேணும்னா கொம்புல சுத்திக்க.”

அந்தப் பக்கத்து மனிதர்களுக்குத் தெரியும், தாய்மாமன் கோபம் என்பது என்ன என்று. மாலை மாறிப்போனதற்காக, இலையை இரண்டாவதாகப் போட்டதற்காக, பத்திரிகையில் பெயரைக் கீழே அச்சடித்ததற்காகக் கோவித்துக்கொண்டு எழுந்து போன மாமன்கள் பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் பிறந்தும் திரும்பிவரவில்லை. அந்தக் கோபத்தைப்போல ஆரம்பித்து முடியாத காரியம் உலகத்தில் வேறு இல்லை. உக்கிரவர்மனுக்கு முகம் சிவந்தது. கழுத்து சிவந்தது. சிவப்பு இடுப்பைத் தாண்டி இறங்கியது, வேட்டிக்குள் தொடை வந்தது, முழங்கால் வந்தது, கடைசியாகக் கரிப்பாறைப் பாதம் இரண்டும் வந்து தரையை ஓங்கி மிதித்தன.

“எனக்கு மாலை போடாத இந்த இடத்தில்,” என்று இடிபோல ஆரம்பித்தவன், ஆத்திரத்தில் சக்கரவர்த்தித் தமிழ் தொண்டையில் சிக்க, “நான் இனிமே ஒரு வாய் தண்ணி குடிச்சா என்னை என்னான்னு கேளுங்க!” என்று முடித்தான்.

துண்டை உதறித் தோளில் போட்டான். திரும்பிப் பார்க்காமல் நடந்தான். யாராவது பின்னால் வந்து கூப்பிடுகிறார்களா என்று கொஞ்ச தூரத்தில் நின்று, கொம்பைச் சொறிகிற மாதிரி பார்த்தான். யாரும் கூப்பிடவில்லை; சந்தனமாரி வாய் திறக்கப்போனபோது குருவம்மா அவள் கையைக் கிள்ளினாள். அவன் இன்னும் கோபமாகி, கண்மாய்க் கரையேறி, அந்தப்பக்கம் இறங்கிப் போய் உட்கார்ந்துகொண்டான். சற்றைக்கெல்லாம் அங்கே இருந்து ஒரு பெரிய தும்மல் கேட்டது.

“மதினி,” என்றாள் சந்தனமாரி, அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து. “நீங்க வேணும்னேதான...”

“எனக்கென்னத்தா தெரியும்? கை தவறிருச்சு,” என்று குருவம்மா பந்திக்குப் போய், “அடுத்தவன் மாலையப் போட்டுக்கிட்டு எப்படித்தான் சோறு எறங்குதோ,” என்று புருஷனை வைதாள்.

அதற்குப் பிறகு அடுத்த தொகுப்பு வந்தது, அதில் கார்டுகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு கார்டாகவே இருந்தன. எலும்புப் படை, ஒரு பலத்த மழையில் அந்தக் கடைசி முழத்தை ஓடையே தூர்வாரிக்கொள்ள, வெளுத்துப் போனது. மந்திரவாதியிடம் ஒரு புதுப் பிள்ளை தெரியாத்தனமாகப் பதினாறு பதினாறு கேட்டுவிட்டது. நீர்த்தேவதை, கழுத்தளவில் நின்ற குடத்தைப் பார்க்கப் பொறுக்காமல் தானே ஒரு செம்பு ஊற்றிவிட்டாள், அவளுக்கு அப்படி ஒரு சுத்தம். உக்கிரவர்மன் மட்டும் கண்மாய்க்கு அந்தப்பக்கம் இருக்கிறான். ஒவ்வொரு நாளும் சந்தனமாரி தூக்குவாளியில் குழம்பும் சோறும் கொண்டுபோய் வைப்பாள், அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எனக்கு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வாளியை வழித்துத் தின்பான், மருமகளைத் தோளில் ஏற்றிக்கொள்வான், அம்மாக்காரியோடு பேசமாட்டான். பொங்கலுக்குப் பொங்கல் ஊர்ப் பெரியவர்கள் தாம்பாளம் எடுத்து, மேளத்தோடு சமாதானம் பேசப் போகிறார்கள். வெற்றிலை இருக்கும், பழம் இருக்கும், வேட்டி துண்டு இருக்கும். மாலையை மட்டும் யாராவது வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்திருப்பார்கள்.

இப்போதெல்லாம் குழாயடியில் மற்றப் பொம்பளைகள் உடன்பிறந்தவன்களைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்தால், தம்பி சீர் கொண்டுவரவில்லை, அண்ணன் போன் எடுக்கவில்லை என்று ஒவ்வொருத்தியும் ஒன்று சொல்லி முடிக்கும்வரை சந்தனமாரி பொறுமையாக நிற்பாள். தன் முறை வந்ததும் நிறைகுடத்தை இடுப்பில் இருந்து இறக்கி வைத்து, முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டு, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு பெருமூச்சு விடுவாள்.

“அதை ஏன்க்கா கேக்குறீக,” என்பாள். “எங்கண்ணன் இருக்காரே எங்கண்ணன், அந்த மனுசன் எங்கூடப் பேசியே மூணு வருசமாச்சு!”